பிள்ளைப்பாக்கத்தில் வெள்ளைக்கு என்ன விலை

வெள்ளை நிறத்துக்கு என்ன விலை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். சுவரில் அடிக்கும் பெயின்ட், பிளாஸ்டிக் வாளி, குளிர்பதனப் பெட்டியின் கதவு, மாத்திரையின் மேல்பூச்சு என்று நம்மைச் சுற்றி வெள்ளையாக இருப்பவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒரு தூளால் வெள்ளையாகின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு. தொழிலில் இருப்பவர்கள் அவ்வளவு நீளம் சொல்வதில்லை. 'டைட்டானியம்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ் நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். நாளிதழ் மெலிந்தது. மூலப்பொருள்களின் விலையை வாரம் ஒரு முறை வெளியிடும் சிறிய செய்திமடல் ஒன்றுக்கு மாறினேன். பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டே எழுதிவிடுவோம். ஆனால் சில மாதங்களாகச் சென்னைக்கு மேற்கிலிருந்து வந்த விலைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருவர் ஏற்றம் என்றார், ஒருவர் இறக்கம் என்றார், மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. "நேரில் போய் முகத்தைப் பார்த்துக் கேள்" என்றார் ஆசிரியர். போனேன். கேட்ட எண்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை செய்திமடலுக்குச் சொந்தம். தவிர, நீங்கள் இதைப் படிக்கும்போது அவை பொய்யாகியிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் தங்கிய விடுதியின் பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே கொரிய எழுத்து இருந்தது. காலை உணவு மேசையில் பொங்கல், வடை, கொத்சு. அதே வரிசையில் ஒரு கிண்ணம் கிம்ச்சி, கொரியர்களின் காரமான முட்டைகோஸ் ஊறுகாய். எதிர் மேசையில் இருந்த கொரியர் பொங்கலின் மேல் கிம்ச்சியை வைத்து, வேலைக்குப் போகிறவரின் அவசரத்தோடு சாப்பிட்டார். பரிமாறியவர் பார்த்தும் பார்க்காதவர்போல நின்றார். நானும் அப்படியே சாப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் இதைவிட விசித்திரமான சேர்க்கைகளைக் காலையில் சாப்பிட்டிருக்கிறேன். பொங்கல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

முதல் நாள் ஒரு டைட்டானியம் வியாபாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறி, பெங்களூர் சாலையில் ஒரு கிடங்கு என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"கெடங்குன்னா? குடோனா?"

"ஆமாம், குடோன்."

"அது தெரிதும்மா. எந்த கம்பெனி எதுத்தாப்ல கீது? அத்த சொல்லு."

இங்கே தெருப்பெயரால் யாரும் வழி சொல்வதில்லை. கம்பெனிகளின் வாசல்கள்தான் ஊர்கள். பக்கத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த பெண்தான் வியாபாரியின் தெருமுனையில் எந்த கம்பெனி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். சொன்ன கையோடு தூங்கிவிட்டாள். இரவு ஷிப்ட் முடித்தவள். அவள் தலை என் தோளில் விழுந்தது. இறங்கும்போது எழுப்ப மனமில்லாமல் மெல்ல நகர்த்தி வைத்தேன்.

வியாபாரியின் குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்தது; அவர் பிறந்து வளர்ந்தது சென்னையில். கிடங்கில் காகித மூட்டைகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. போனில் யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்த அளவுக்கு அவர் சொன்னது இது: "வாங்காதே. இல்லை, வாங்கு. இரு, பத்து மூட்டை மட்டும் வாங்கு. கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்கிறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வெல கேக்க வந்தீங்களா? எந்த வெல மேடம்? டீ குடிக்கிறதுக்கு முன்னாடி வெலையா, குடிச்சதுக்கு அப்பறம் வெலையா?"

டீ வந்தது. அவர் தன் பாட்டைச் சொன்னார். சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே கந்தக அமிலம் ஏறினால் தூள் ஏறும். டாலர் ஏறினால் ஏறும். கப்பல் வாடகை ஏறினால் ஏறும். ஐரோப்பாவில் ஆலைகளை மூடினால், உடனே ஏறாவிட்டாலும் ஏறப்போகிறது என்ற பேச்சு ஏறும்.

"அப்பறம் சீனா சரக்கு மேல வரி. வரும்னாங்க, வந்துச்சு. கோர்ட்டுக்குப் போச்சு, அங்க ரத்தாச்சு. வரும்போது ஒரு வெல, போவும்போது ஒரு வெல. நடுவுல நான் மூட்டைய வெச்சிகினு உக்காந்துகினு கீறேன். எறங்குனா எனக்கு நஷ்டம். ஏறுனா வாங்க ஆளில்ல."

"இந்தியக் கடற்கரையிலேயே இதற்கான மணல் இருக்கிறதே?"

"மண்ணு கீது மேடம். மண்ண வெச்சிகினு இன்னா பண்றது? தூளு வேணுமே."

எங்கள் ஊர் வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவு மணலிலும் இது உண்டு. நாங்களும் மணலை விற்றுவிட்டுத் தூளை வாங்குகிறவர்கள்தான். அதைச் சொன்னதும் அவருக்கு என்மேல் கொஞ்சம் பரிவு வந்தது. விலையைச் சொன்னார். எழுதிக்கொள்வதற்குள் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு வேறு விலை சொன்னார்.

கிளம்பும்போதுதான் அந்தத் தகவலைக் கொடுத்தார். "இந்த ரோட்ல டைட்டானியம் வாங்குற எல்லாரும் அழுவுறாங்க. பிள்ளைப்பாக்கத்துல எமிலி மேடம்னு ஒருத்தங்க மட்டும் சிரிச்சிகினு கீறாங்க. எங்கிட்ட வாங்குறத கொறச்சிட்டாங்க. ஆனா அவங்க வியாபாரம் கொறயல. எப்டின்னு கேட்டு எனக்கும் சொல்லுங்க."

மறுநாள் பிள்ளைப்பாக்கம் போக வாடகைக் கார் ஏற்பாடு செய்தேன். மூன்று பேர் ஒத்துக்கொண்டு மூன்று பேரும் வராமலிருந்தார்கள். மறுபடி ஷேர் ஆட்டோ. தவறான கம்பெனி வாசலில் இறங்கி, வெயிலில் நடந்தேன். ஒரு பக்கம் ஏரி; மறுபக்கம் அறுத்து முடித்த வயல், அதற்கு நடுவில் மனை விற்பனைப் பலகை. கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசைகட்டி நின்றன. ஒரு லாரியின் நிழலில் இரண்டு ஓட்டுநர்கள் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடக்கும்போது ஒருவர் மற்றவரிடம் இந்தியில் சொன்னார்: "இந்த அம்மாவைப் பார், கம்பெனியைத் தொலைத்துவிட்டாள்." அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தேன். கிள்ளானிலும் வெயில் உண்டு. ஆனால் மத்தியானம் ஒரு மழை வந்து கணக்கைத் தீர்த்துவிடும். இங்கே அந்த நம்பிக்கை இல்லை.

எமிலியின் தொழிற்சாலை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் படிவு: மின்விசிறி, சாவிக்கொத்து, சுவரில் இருந்த இயேசு, அவருக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையார். எமிலி பென்னலூர்க்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. அவர் செய்வது நிறக் குருணை. டைட்டானியத் தூளைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் உருக்கி, சேமியாபோல் இழுத்து, தண்ணீரில் குளிரவைத்து, அரிசி அளவுக்கு நறுக்குகிறார்கள். இதில் கொஞ்சம் எடுத்துச் சாதாரண பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்தால் அந்தப் பொருள் முழுதும் வெள்ளையாகிவிடும்.

அவருடைய குருணையில் பெரும்பகுதியை வாங்குவது ஒரகடத்தில் உள்ள ஒரு மோல்டிங் கம்பெனி. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு மூடியும் முகப்பும் வார்த்துக் கொடுக்கிறவர்கள். அந்த ஒரு வாடிக்கை போனால் வெள்ளை லைனை நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார் எமிலி. லைன் நின்றால் அதில் நிற்கிற பத்துப் பேருக்கும் வேலை இல்லை.

இந்தப் பகுதியில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு கறாராக நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் சப்ளை செய்கிறவர் தன் விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். 'காஸ்ட் டவுன்' என்கிறார்கள். ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்தால் கை பழகியிருக்கும், செலவு குறைந்திருக்கும் என்பது அதன் நியாயம். மேலே இருக்கும் பெரிய கம்பெனி அடுத்த கம்பெனியிடம் கேட்கும். அது அதற்கடுத்த கம்பெனியிடம் கேட்கும். கடைசியில் நிற்பவர் எமிலி மாதிரி ஒருவர். அவர் போய் டைட்டானியத்திடம் கேட்க முடியாது.

"போன வருசமும் கொறச்சேன். அதுக்கு முந்துன வருசமும் கொறச்சேன்," என்றார் எமிலி. "இப்டியே போனா ஒரு நாளு குருணையும் குடுத்து, கூடவே பணமும் குடுத்து, வாங்கிக்கோங்க சார்னு கெஞ்சணும்."

"இந்த வருடம்?"

"இந்த வருசம் கேட்டாங்க. சிரிச்சிகினே கொறச்சிட்டேன். நாளைக்கு சைன் பண்ணப் போறேன்." உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "தேவராஜு, இங்க வா. மலேசியாலேந்து வந்துகீறாங்க, உன்னப் பாக்கத்தான்."

தேவராஜ் உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர். வாலாஜாபாத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். நாற்பது வயதிருக்கும், புருவத்தில்கூட வெள்ளைத் தூள். டைட்டானியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் மலிவான கால்சியத்தூளைக் கூட்டி, அதே வெள்ளையைக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். இதை எல்லாரும் எல்லா ஊரிலும் முயன்றிருக்கிறார்கள். கால்சியம் கூடினால் வெள்ளை மங்கும், மஞ்சளடிக்கும். அதைத்தான் கேட்டேன்.

"எல்லாரும் அப்டிதாங்க சொல்றான். மொதல்ல நானும் அப்டிதான் நெனச்சேன். கொஞ்சமா கூட்டுனேன்; மேட்ச் ஆச்சி. இன்னும் கொஞ்சம் கூட்டுனேன், அப்பவும் மேட்ச். எனக்கே ஒண்ணியும் புரில. நீங்களே பாருங்க."

வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் தகட்டை எடுத்துவந்தார். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தகடு. இந்த வெள்ளைதான் வேண்டும் என்பதற்கான சாட்சி அது. ஒரே அச்சில் இரண்டு வார்த்து, ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டு மற்றதை இங்கே கொடுத்திருக்கிறார்கள். நிறம் அளக்கும் கருவி எமிலியிடம் இல்லை. ஒரகடத்தில் இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் சரிபார்க்க அனுப்பியது இன்னும் திரும்பி வரவில்லையாம். அதுவரை கண்தான் கருவி. தேவராஜ் ஷட்டரைத் தூக்கி, வடக்குப் பக்க வெளிச்சத்தில் புதுக் குருணையில் வார்த்த தகட்டையும் மாதிரித் தகட்டையும் ஒட்டிப் பிடித்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாதிரித் தகட்டில் பொறித்திருந்த எழுத்துகளின் பள்ளத்தில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். துரு என்று நினைத்தேன். பிளாஸ்டிக்கில் துரு ஏது என்று யோசிக்கவில்லை.

மத்தியானம் எமிலி தன் டப்பாவைப் பிரித்தார். கருவாட்டுக் குழம்பு, முள்ளங்கி போட்டது. எனக்குப் பாதி. "ஆண்டவர் கண்ணத் தொறந்தாரு. தேவராஜ் ரூபத்துல," என்றார். தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பல வருடங்களில் நான் பார்த்த டைட்டானியம் வாங்குபவர்களில் நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. விஷயம் உண்மையென்றால் பெரிய செய்தி. நாளை நானும் வரலாமா என்று கேட்டேன். "கார்ல எடமிருக்குது, வாங்க," என்றார்.

மூன்றாம் நாள் எமிலியே கார் ஓட்டினார். நான் முன்னால், தேவராஜ் பின்னால், மடியில் குருணைப் பை, துண்டில் சுற்றிய தகடு. ஒரகடம் திரும்பும் இடத்தில் புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய நீண்ட வண்டி ஒன்று குறுக்காக நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பீடி பற்றவைத்தார். இரண்டு பக்கமும் கம்பெனிப் பேருந்துகள். ஜன்னல்களில் தூங்கும் முகங்கள். எங்கள் காரின் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை.

"அதுக்கும் காஸ்ட் டவுன்," என்றார் எமிலி.

கம்பெனி வாசலில் காவலர் எங்கள் மூவரின் போன் கேமராக்களின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினார். என்னுடைய பழைய போனுக்கு இரண்டு ஸ்டிக்கர் தேவைப்பட்டது.

கொள்முதல் அதிகாரியின் பெயர் பிரசன்னா. முப்பதைத் தாண்டாதவர், நல்ல சட்டை, களைத்த கண்கள். "வாங்க மேடம். நீங்க லேட்டா வந்தா பரவாயில்ல, ரேட் கரெக்டா வந்தா போதும்," என்றார். தானே சிரித்துக்கொண்டார். என்னை எமிலி அறிமுகப்படுத்தினார். டைட்டானியம் விலை எழுதுபவர் என்றதும் அவர் என் கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு குலுக்கினார்.

கையெழுத்துக்கு முன்னால் மாதிரி பார்ப்பது சம்பிரதாயம். தேவராஜ் புதுத் தகட்டை மேசையில் வைத்தார். பிரசன்னா அலமாரியைத் திறந்து, கறுப்பு உறையிலிருந்து தங்கள் தகட்டை உருவிப் பக்கத்தில் வைத்தார்.

அவர்களுடைய தகடு பச்சரிசி மாவு. எங்களுடையது புழுங்கல் அரிசி.

"என்ன மேடம் இது?" என்றார் பிரசன்னா.

"இருங்க சார், இருங்க சார்." தேவராஜ் அவசரமாகத் துண்டைப் பிரித்தார். "நம்ம பிளேட்ட எட்த்தாந்துகீறேன். அத்த பாத்துதான் பண்ணது. ஒண்ணா கீது, பாருங்க."

அவர்களுடைய மாதிரித் தகடும் எங்களுடைய மாதிரித் தகடும் ஒரே அச்சில் ஒரே நாளில் பிறந்தவை. பக்கத்தில் வைத்தபோது ஒன்றுக்கு மஞ்சள் காமாலை. பிரசன்னா அதைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு எழுத்துகளின் பள்ளத்தை நகத்தால் சுரண்டினார். சிவப்பாக விரலில் ஒட்டியது.

"இது குங்குமமா?"

தேவராஜ் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "ஆயுத பூஜைக்கு சார். எல்லா மிஷினுக்கும் பூஜ போட்டோம். தராசுக்குப் போட்டோம், ஸ்பேனருக்குப் போட்டோம். இந்த பிளேட்டுதான் சார் எங்களுக்கு சோறு போடுது, இத்த மட்டும் எப்டி வுடுறது? மஞ்ச, சந்தனம் கொழச்சி முழுசாப் பூசினேன். ரெண்டு நாளு சாமி கிட்டயே இருந்துச்சி. அப்பறம் நல்லா கழுவிட்டேன் சார்."

மஞ்சள் கழுவினால் போகாது. பிளாஸ்டிக்கில் ஏறி உட்கார்ந்துவிடும். சமையல் தெரிந்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அது சமையலறையில் மட்டும் நினைவுக்கு வருகிற அறிவு. அதற்குப் பிறகு தேவராஜ் கால்சியத்தைக் கூட்டக் கூட்ட, அவருடைய வெள்ளை மங்கி மங்கி, மஞ்சள் குளித்த அந்தத் தகட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேட்ச் ஆகாமல் என்ன செய்யும்?

எமிலி கண்ணை மூடித் திறந்தார். "பொரி கடலை நான்தான் வாங்கிக் குடுத்தேன்," என்றார், யாரிடமும் அல்லாமல். "வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தேன். இத்தப் பாக்கல."

"எத்தன மாசமா இந்த ரெசிபி ஓடுது?" என்று பிரசன்னா கேட்டார்.

தேவராஜ் எமிலியைப் பார்த்தார். எமிலி பொய் சொல்லியிருக்கலாம். நேற்று வார்த்த மாதிரி மட்டும்தான் இப்படி என்று சொல்லியிருக்கலாம்.

"தீபாவளி முடிஞ்சதுலேந்து சார். கொஞ்சங் கொஞ்சமா."

பிரசன்னா எழுந்து உள்ளே போனார். அவர் போன பிறகுதான் கணக்கு முழுதாகப் புரிந்தது. இந்த ரெசிபியை நம்பித்தான் எமிலி விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். பழைய வெள்ளைக்குத் திரும்பினால் டைட்டானியம் பழைய அளவுக்குப் போட வேண்டும். டைட்டானியத்தின் விலையோ பழைய விலை இல்லை. குறைத்த விலைக்குக் கொடுத்தால் ஒவ்வொரு மூட்டையிலும் நஷ்டம். கொடுக்காவிட்டால் வாடிக்கை போகும்.

எங்களைக் கேன்டீனில் உட்காரச் சொன்னார்கள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, மோர். பக்கத்து மேசையில் ஒடிசா இளைஞர்கள் இருவர். ஒருவன் இன்னொருவனிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்: "வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்கிறாள். மஞ்சள் தண்ணீரில் சோறு என்றேன். அழுகிறாள்." எமிலி தட்டைத் தொடவில்லை. தேவராஜ் கொஞ்சம் தள்ளி, தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரசன்னாவின் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்; அவர் கையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி ஒன்று. அண்மையில் வார்த்தது. அதுவும் புழுங்கல் அரிசிதான்.

"மேடம், லைன்ல பேசிட்டேன், குவாலிட்டியிலயும் பேசிட்டேன்," என்றார். "இத்தன மாசத்துல ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. மூடி, முகப்பு, பின்பக்கம் எல்லாமே உங்க குருணைதான். எல்லாமே ஒரே மாதிரி மங்கியிருக்கு. அதனால எவனுக்கும் தெரியல."

எமிலி மூச்சு விட்டார்.

"அதனால இந்த ஷேடையே ஸ்டாண்டர்டா வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. புதுசா பிளேட் வார்த்து ரெண்டு பேரும் சைன் பண்ணிக்கலாம்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"ஆனா மேடம், ரேட்." கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "டைட்டானியம் கொறஞ்சிருக்கு இல்ல? அப்ப வெலயும் கொறயணும் இல்ல?"

"கொறச்சிட்டேனே சார்!"

"அது ஏப்ரல் காஸ்ட் டவுன். எல்லா வெண்டருக்கும் உள்ளது. இது மெட்டீரியல் சேஞ்ச். வேற தலைப்பு."

எமிலியின் குரல் உயரவில்லை, அகலமாயிற்று. "நல்லாகீதே சார் நாயம். நீங்க கொறன்னு சொன்னீங்கன்னுதான் டைட்டானியத்தக் கொறச்சோம். கொறச்ச காசையும் குடுத்துட்டேன். இப்ப அதே கொறச்சலுக்கு ரெண்டாந்தரம் கொறச்சலா? ஒரே கோழிய எத்தினி வாட்டி சார் அறுப்பீங்க?"

பிரசன்னா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் மேல டார்கெட் இருக்கு மேடம்." அதில் பொய் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எமிலி யோசித்தார். பிறகு என்னைக் காட்டினார். "சரி சார். இவங்க வாராவாரம் டைட்டானியம் வெல போடுறாங்க. அது ஏறுனா என் வெலயும் ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும். அப்டி எழுதிக்கலாம். ரெண்டு பேருக்கும் நாயம்."

பிரசன்னா என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி மேடம் விலையக் கண்டுபிடிக்கிறீங்க?"

உண்மையைச் சொன்னேன். "வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் கேட்டு."

"அதாவது எமிலி மேடம் மாதிரி ஆளுங்களக் கேட்டு."

"ஆமாம்."

"அப்ப மேடம் உங்ககிட்ட ஒரு வெல சொல்லுவாங்க, நீங்க அதப் போடுவீங்க, அதப் பாத்து நான் மேடத்துக்குப் பணம் குடுக்கணும்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எமிலியும்தான். என்னாலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்தபோது அந்த யோசனை செத்துப்போயிருந்தது. விலைக்குறிப்பு எழுதுவதன்மேல் எனக்கிருந்த மரியாதையில் கொஞ்சமும் கூடவே போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது பேரம். கேட்டதில் பாதி குறைப்புக்கு எமிலி ஒத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு என்றிருந்ததை மூன்று மாதத்துக்கு என்று மாற்ற வைத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி இதே மேசையில் உட்காரலாம். அதற்குள் டைட்டானியம் இறங்கினால் பிழைத்தார், ஏறினால் இல்லை. கையெழுத்துப் போட்டார். எழுத்து நேராக இருந்தது.

திரும்பும்போது சாலை திறந்திருந்தது. கார்கள் ஏற்றிய வண்டியை யாரோ இழுத்துப் போயிருந்தார்கள். வாலாஜாபாத் சாலை பிரியும் இடம் வந்ததும் பின்னாலிருந்து தேவராஜின் குரல் கேட்டது.

"ம்மா, இங்க ஓரமா நிறுத்துங்க. நான் எறங்கிக்கிறேன்."

"வண்டி பிள்ளைப்பாக்கத்துல கீது. இங்க எறங்கி?"

"பஸ்ல வூட்டுக்குப் போறேன். நாளைலேந்து வரல. வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா. எம்மூஞ்சிய நீங்க பாக்குறது எனக்கு நல்லால்ல."

எமிலி வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"வேற ஆளு வந்து இன்னா போடுவான்?"

"வெள்ளதான்மா."

"அது எந்த ஆளு வேணா போடுவான். நல்ல வெள்ள ஊர் பூரா போடுறான். ஆனா இன்னைக்கு நான் சைன் பண்ணது நல்ல வெள்ள இல்லயே. வேற எந்த டப்பாலயும் அது கெடையாது. உன் கண்ண தவிர வேற எவன் கண்ணுக்கும் அது வராது." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு மாசம் அதான் நமக்கு சோறு. காலைல எட்டுக்கு எக்ஸ்ட்ரூடர் ஓடணும். இன்னாத்துக்கு எறங்குற?"

வாலாஜாபாத் சாலைப் பிரிவு பின்னால் போய்விட்டது. தேவராஜ் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, குருணைப் பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.